பதினோரு மணிக்குள்

“இது என்ன?”

மேடம் ரெத்னோ ஆள்காட்டி விரலைப் பொனிராவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அலமாரியின் உச்சியில் தடவியெடுத்த விரல். நுனியில் சாம்பலாய்த் தூசி.

“தூசி மேடம்.”

“தூசின்னு எனக்கும் தெரியுது. ஏன் இருக்குன்னு கேக்கறேன். உங்க ஊர்ல அலமாரிக்குத் தலையே கிடையாதா?”

பொனிராவுக்கு முப்பத்தொன்பது வயது. மேடத்துக்கு இருபத்தாறு இருந்தால் அதிகம். தன்னைவிடச் சின்னவளிடம் பேச்சு வாங்குவது முதல் நாள் சுருக்கென்றிருந்தது. நாலாவது நாளான இன்று, கால் வலிக்கிறதே என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

“இன்னைக்குக் கடைசி. எந்தக் கிழமைக்கு என்ன வேலைன்னு ஏழு நாளைக்கும் எழுதிக் காட்டணும். இன்னைக்கு வேலை பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிருக்கணும். எது குறைஞ்சாலும் பிளித்தார் பஸ்ல ஏத்தி விட்டுடுவேன். புரியுதா?”

“புரியுது மேடம்.”

புரியாமல் என்ன? சொந்த ஊரான பிளித்தாரில் மகள் யூனி நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். இந்த வேலையும் கைவிட்டுப் போனால், யூனியும் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான்.

மூன்று நாளும் ஒரே கூத்து. எடுத்ததும் குளியலறைக்குள் நுழைந்துவிடுவாள். ஊரில் அப்படித்தான். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு சுவரிலும் தரையிலும் வீசியடித்துக் கழுவினால்தான் கழுவினதாக மனசு ஒப்பும்.

இந்த வீட்டுக் குளியலறையோ சொட்டுத் தண்ணீர் வெளியே சிந்தக் கூடாத ரகம். தரையில் வடிகால்கூட இல்லை, கம்பளம் வேறு விரித்திருந்தார்கள். வீசிய தண்ணீர் நேரே கூடத்துக்கு ஓடி வந்தது. அதைத் துடைத்து, தன் ஈரக்கால் தடத்தைத் துடைத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்துச் சமையலறைக்கு வந்து சேரும்போது மணி ஒன்றாகிவிடும்.

“வீடா இது, வயக்காடா? நாத்து நடப்போறியா?” என்று நேற்று மேடம் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இன்று பொனிரா தண்ணீரைத் தொடவில்லை. காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன, உக்காந்துட்டே?”

“யோசிக்கிறேன் மேடம்.”

“யோசிச்சா தூசி போயிடுமா?”

போகாது. ஆனால் எல்லா நாளும் எல்லாவற்றையும் தேய்த்துச் சாக வேண்டும் என்று எவன் சொன்னான்? கூட்டுவதும் அடுப்படியும் தினப்படி. ஜன்னலுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். படுக்கை விரிப்பைச் செவ்வாய்க்குத் தள்ளினாள், குளிர்பெட்டியை வெள்ளிக்கு. அலமாரித் தலைகளை இன்றைக்கே, வியாழனுக்கே எழுதினாள். குளியலறை தினமும்தான், ஆனால் கடைசியில்.

எழுதி முடித்து எழுந்தபோது முட்டி இரண்டும் முனகின. அலமாரி உச்சியில் தொடங்கினாள். மேலே தட்டினாள், கீழே கூட்டினாள், அப்புறம்தான் ஈரத்துணியைத் தொட்டாள்.

அடுப்புப் பக்கச் சுவரில், நேற்று நகம் தேயத் தேய்த்துப் போக்கிய சோயாக் கறை அதே இடத்தில் அதே அளவில் நின்றது. முந்தாநாளும் அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்து வியக்கவெல்லாம் அவளிடம் தெம்பில்லை. தேய்த்தாள்.

குளியலறைக்குள் கடைசியாகத்தான் போனாள். தண்ணீரை வாரியிறைக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தாள். வெளியே வந்தபோது கடிகாரத்தில் பதினோரு மணிக்கு எட்டு நிமிடம் பாக்கி.

மேடம் விரலோடு கிளம்பினாள். அலமாரி, கதவிடுக்கு, விளக்கின் மேல்தட்டு. ஒவ்வொரு முறையும் விரலைப் பார்த்தாள், அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். பிறகு காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஏன் காலியா இருக்கு?”

பொனிரா உள்ளதைச் சொல்லிவிட்டாள். “அன்னைக்கு ஒரு நாள் நானும் கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன் மேடம். இல்லேன்னா மத்த ஆறு நாளும் ஓடாது.”

மேடம் காகிதத்தை மடித்தாள். “போய்ப் பெட்டியைக் கட்டு.”

அவ்வளவுதான். பாழாய்ப் போன வாய்! நாலு நாள் நாயாய் உழைத்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையால் கெட்டதே! பொனிராவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“மேடம், ஞாயித்துக்கிழமைக்கும் எழுதிடறேன் மேடம். பரண், வாசல், வண்டி கழுவறது, எது சொன்னாலும் எழுதிடறேன். அனுப்பிடாதீங்க.”

மேடம் குதிகால் செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்தாள். நாலு நாளில் முதல் தடவையாக அந்தக் கூடத்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். குரலில் இருந்த விறைப்பைக் காணோம்.

“ஞாயித்துக்கிழமை காலியாவே இருக்கட்டும்க்கா. அதை யாருக்கும் விட்டுக் குடுத்துடாதீங்க.”

பொனிரா நிமிர்ந்து பார்த்தாள்.

“பெட்டியைத் தைவானுக்குக் கட்டுங்க, அங்கதான் உங்களுக்கு வீட்டு வேலை. ஆனா அதுக்கு முன்னாடி இந்த வீட்டைப் பழையபடி அழுக்காக்கிடுங்க, அடுத்த ஆளுக்குப் பரீட்சை வைக்கணும்.”