பன்னிரண்டு வீடுகள்

2019 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். சாரல், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி.

மூன்றாம் வீட்டின் பெயரைச் சொல்லும்போது உபதேசியாரின் குரல் நின்றுவிட்டது.

இருமிப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

தேயிலைத் தோட்டத்தின் சிற்றாலயத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் உபதேசியார். விடிந்ததும் மணியடிப்பார். எதிரே இருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் பன்னிரண்டு லைன் வீடுகளையும் வரிசையாகப் பெயர் சொல்லி, உரத்த குரலில் ஜெபிப்பார். அந்த வீடுகளிலிருந்து ஒருவரும் உள்ளே வந்ததில்லை. சபையார் என்று இருந்த நான்கு குடும்பங்களும் திருப்பூருக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

கடைசி பெஞ்சில் குருவானவர் காத்திருந்தார். மடியில் ஒரு தாள். ஆலயத்தை மூட உபதேசியாரின் சம்மதம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பியவர்.

இரண்டு முறையும் உபதேசியார் கேட்டது ஒன்றுதான்.

“கதவப் பூட்டிட்டா, இவங்க பேரை ஆண்டவர்கிட்ட யாரு சொல்லுவா, ஐயா?”

சன்னல் கம்பிகளுக்கு வெளியே பனி அசைந்தது.

முதலில் ஒரு கூடை தெரிந்தது. பிறகு குங்குமம். பிறகுதான் ஏழாம் வீட்டுப் பவுனம்மாள். கொழுந்து பறிக்கப் புறப்பட்டவள்.

“என்னங்கய்யா, மூணோட நிறுத்திட்டீங்க? எங்க வீட்டுப் பேரக் கேட்டுட்டுத்தானே நாங்க மலையேறுவோம். எம் மவளுக்கு வேற இதுதான் பிள்ள பெக்குற மாசம்.”

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“கட்டிக்கிச்சா? சுக்குத்தண்ணி குடிங்கன்னா கேக்குறதில்ல. சரி, சும்மா இருங்க. நான் சொல்றேன். தப்பா வந்தா கையக் காட்டுங்க.”

கூடையை இறக்கி வைத்தாள். அவளுடைய தமிழ் மாறியது.

“நான்காம் வீட்டு மாடத்தியின் முழங்காலை நினைத்தருளும், ஆண்டவரே.”

“நினைத்தருளும்” என்றது பனி.

எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வெண்மையின் வேறொரு மூலையிலிருந்து குரல் வந்தது. அவருடைய சொற்கள். அவர் மூச்சு விடும் இடத்தில் அவளும் மூச்சு விட்டாள். பூட்டிக் கிடக்கும் ஒன்பதாம் வீட்டையும் விடவில்லை.

“அங்கே இருந்தவர்களை, இப்போது இருக்கும் ஊரில் நினைத்தருளும்.”

பன்னிரண்டும் முடிந்தன.

“எங்கள் உபதேசியாரையும் நினைத்தருளும்.”

அவர் கையைக் காட்டினார். அது வரிசையில் இல்லாத பெயர்.

“தப்பில்லீங்கய்யா. நீங்க ஊருக்குப் போற நாள்ல நாங்களே பன்னெண்டையும் சொல்லி, கடைசியா இதையும் சொல்றதுதான்.”

கூடைகள் மலையேறின.

அவர் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

பெயர், தேதி, கையொப்பம். மூன்றையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். ‘ஆலயத்தை மூடச் சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்குச் சரியாகக் கீழே.

மை உலர ஊதினார். அதற்கு மூச்சு இருந்தது.



உபதேசியார் தாளை இரண்டு கைகளாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.