தூங்கும் ஆர்க்கிட்

"செடி டாக்டர் வந்துட்டாரு! கொஞ்சம் வழி விடுங்க எல்லாரும்!" என்று கதவைத் திறந்தபடியே கத்தினார் வீட்டுக்காரர். ஒருவரும் வழி விடவில்லை.

செடி டாக்டர் என்பது தெரு வைத்த பெயர். தொழில், நர்சரி. யார் வீட்டு ரோஜாவில் மாவுப்பூச்சி, யார் வீட்டு மாமியாருக்கு மருமகள் மேல் எரிச்சல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மருந்து மட்டும் முதலாவதுக்குத்தான் வைத்திருக்கிறார். காலையிலிருந்து இது ஆறாவது வீடு. மூன்று மாடி ஏறி வந்ததில் முட்டி இரண்டும் "நாங்கள் கிளம்புகிறோம், நீ மட்டும் செடியைப் பார்" என்றன.

ஹாலில் டி.வி. அலறியது. ரிமோட்டுக்காகப் பிள்ளைகள் இரண்டும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. வீட்டுக்காரரின் தம்பி மூலையில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி செல்போனில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மாசமா இந்தக் கூத்துதாங்க" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். "என் சம்சாரத்துக்கு, ஆபீஸ்ல கூட இருந்த பொண்ணு வேலையை விட்டுப் போறப்ப ஒரு ஆர்க்கிட் செடி குடுத்துச்சு. இவ அதுவரைக்கும் ஒரு புதினாகூட வளர்த்ததில்ல. இப்ப என்னடான்னா, வேலை முடிஞ்சு வந்ததும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிறா. முக்கா மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது. சத்தம் ஆகாதாம், காத்து ஆகாதாம்."

"எனக்குக் கால் வலின்னா தைலத்தைக் கையில திணிச்சிட்டுப் போயிடுறா. அந்தக் குச்சிக்கு மட்டும் ஈரத்துணியில ஒத்தடம்!" என்றார் மாமியார், சோபாவில் இருந்தபடி. "நானும் பேசாம ஒரு தொட்டியில ஏறி நின்னுக்கலாம்னு பார்க்கிறேன்."

"பூத்துதா?"

"வர்றப்ப பூவோடதான் வந்துச்சு. அப்புறம் பூ போச்சு, பின்னாலயே இலையும் போச்சு. கேட்டா, தூங்குதாம்."

"சில ஜாதி தூங்கும்ங்க" என்றார் செடி டாக்டர். தொழில் தர்மம்.

"தூங்குதா, போய்ச் சேர்ந்துடுச்சான்னு இன்னைக்குச் சொல்லிடுங்க. தேறாதுன்னா தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல வாஷிங் மெஷினை வெச்சிடுவேன். ஆளுக்கும் சொல்லியாச்சு."

அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் கழுத்திலேயே தொங்கியது. கழற்ற மறந்தாளோ, கழற்றத் தெம்பில்லையோ. "நான்தான் பார்த்துக்கிறேன்னு சொன்னேனே. இவரை எதுக்கு அலைய விட்டீங்க?"

"கடைசியா ஒரு தடவை காட்டிடலாம்னுதான்."

ஹாலிலிருந்து பால்கனிக்குப் பத்தடி இருக்கும். அதற்குள், "அம்மா, என் கணக்கு நோட்டு?" என்றது ஒரு பிள்ளை. "அண்ணி, சார்ஜர் பார்த்தீங்களா?" என்றான் தம்பி. "என் கண்ணாடி எங்கம்மா?" என்றார் மாமியார். "பைக்குள்ள. டி.வி. பின்னாடி. தலைமேல" என்று திரும்பாமலே விநியோகம் செய்துகொண்டு நடந்தாள் அவள்.

பால்கனிக் கதவைச் சாத்தினாள். சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. ஒரு ஸ்டூல், அதன்மேல் மண் தொட்டி, எதிரே ஒரு நாற்காலி. யாரும் சொல்லாமலே செடி டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

தொட்டியில் ஐந்து குச்சிகள் நின்றன. ஆனால் நட்டிருந்த விதத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். "கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டை... சரியாத்தான் வெச்சிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

"முதல்ல சாதா மண்ணுலதான் வெச்சேன். காலையில ஒரு சொம்பு, ராத்திரி ஒரு சொம்புன்னு தண்ணி. அழுகின வாடை வந்தப்புறம்தான் புத்தகம் வாங்கிப் படிச்சேன். தொட்டி மாத்தினேன்."

"முதல் ஆர்க்கிட்டை முக்கிக் கொல்லாதவங்க யாரும்மா? வேர் காத்தைத் தின்னுற ஜாதி இது. நாம பாசத்துல குளிப்பாட்டிக்கிட்டே இருப்போம்."

தொட்டியைச் சாய்த்து வேரைக் கிள்ளினார். தோல் கழன்று வந்து நூல் மட்டும் மிஞ்சியது. ஒரு குச்சியை அமுக்கினார். காய்ந்த காகிதம்போல் நொறுங்கியது. இன்னொன்றைக் கத்தரித்தார். உள்ளே பச்சையே இல்லை. மூன்றாவதும் அப்படித்தான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவளின் விரல்கள் ஸ்டூல் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

கதவு தட்டப்பட்டது. "என்னங்க, தேறுமா? மெஷின்காரன் போன் பண்றான்!"

"ஒரு நிமிஷம்!" என்றாள் அவள்.

செடி டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. செடி போனதற்காகச் சாப்பிடாமல் கிடந்தவர்களையெல்லாம் பார்த்தவர் அவர். முதல் செடி என்றால் இன்னும் மோசம். பாவம், அஞ்சு மாசமாக வெறும் குச்சிக்கு இத்தனை பணிவிடை செய்திருக்கிறாள். எழுந்து, குரலைத் தணித்து, துக்க வீட்டில் பேசுவதுபோல் சொன்னார்: "மனசைத் தேத்திக்கோங்கம்மா. இது தூங்கலை. உயிர் போய் ரெண்டு மாசமாவது ஆயிருக்கும்."

"மூணு மாசம்" என்று திருத்தினாள் அவள், தாழ்ப்பாளை ஒருமுறை சரிபார்த்தபடி. "மெதுவாப் பேசுங்க. உள்ள போய், முக்கா மணி நேரம் பத்தாது, இனிமே தினம் ஒரு மணி நேரமாவது கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து பார்க்கணும்னு சொல்லிடுங்க!"