முப்பத்தெட்டைத் தாண்டாத கார்

வாங்க நினைத்திருந்த அந்தப் புதுக் காரின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் பூபதி மூச்சுவிடவும் மறந்துவிடுவார். பேருக்குத்தான் குடும்பக் கார், ஆள் ஓட்டாமல் தானே ஓடுமாம், கிளம்பினால் விமானமே ஒதுங்கி வழிவிடுமாம். டிக்கியில் ஒரு கல்யாண மண்டபத்தையே மடித்து வைக்கலாமாம். குறை ஒன்றே ஒன்று. உள்ளே இருப்பவர்களில் யார் நெஞ்சு அதிகம் படபடக்கிறதோ, அவருக்குத் தோதான வேகத்தில்தான் அது ஓடும்.

"உன்னைய ஏத்துனா மாட்டு வண்டிதான்," என்றார் மனைவி கவிதாமணியிடம். "எம்பொண்டாட்டி பயப்படுவா, அதான் மெதுவா ஓட்டறேன்" என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்தவர் அவர்.

ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருவரும் ஏறினார்கள். அவிநாசி சாலையில் கார் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை.

"பாத்தியா, நான் சொல்லல?"

"படபடப்பு ஐயாவுக்குத்தான்," என்றது கார். "அம்மா நூற்றைம்பதுக்குத் தயார்."

பூபதியின் காதுகள் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அட, எனக்குத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தார் கவிதாமணி. "கல்யாணமாகி வந்த அன்னைக்கே பாத்தனுங்க, ஸ்டீரிங்க என்ன பிடி பிடிச்சீங்கன்னு. ஊருக்கு முன்னால உங்கள எதுக்கு விட்டுக் குடுக்கறதுன்னு இருந்துட்டேன்."

கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கண்ண மூடிக்குங்க. நான் இருக்கேனில்ல."

கார் நாற்பதைத் தொட்டது. பிறகு அறுபது.

"வாங்கிரலாமுங்களா?"

"வாங்கிரலாம்," என்றார் பூபதி, கண்ணைத் திறக்காமலே. கார் எண்பதில் போய்க்கொண்டிருந்தது.