சந்தேகப் பிராணி

“மேதை வந்தாச்சா?”

பூச்சியியல் பேராசிரியர் தினமும் காலையில் இப்படித்தான் கேட்பார். மேதை என்றால் அந்த மாணவி. கோடை விடுமுறையில் புரோகிராம் எழுதத் தெரிந்த மாணவர்களைச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சியாளர்களிடம் அனுப்பி வைக்கிறது பல்கலைக்கழகம். இவருக்கு இவள் வாய்த்தாள்.

“வந்துட்டேன் சார்.”

“உன் புரோகிராம் எண்ண ஆரம்பிச்சிடுச்சா?”

“இன்னும் கொஞ்சம் கத்துக்கணும் சார்.”

“கத்துக்கட்டும், கத்துக்கட்டும். பூச்சிங்களுக்கு வேற ஜோலி என்ன, காத்திருக்கும்.”

வேலை இதுதான். தோட்டத்தில் வெள்ளைத் திரை கட்டி விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைக் கேமரா படம் பிடிக்கும். ஒவ்வொரு படத்திலும் எத்தனை பூச்சி என்று எண்ண வேண்டும். பல வருஷமாக எண்ணிக்கொண்டிருப்பவர் துறை ஊழியர், எல்லோருக்கும் பூச்சியக்கா. இனிமேல் புரோகிராம் எண்ணும்.

அதற்குப் பாடம் எடுப்பதும் பூச்சியக்காதான். மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து, “இது பூச்சி, இது திரையில அழுக்கு, இது ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு” என்று படம் படமாகக் காட்டிக்கொடுத்தார். தமக்குத்தாமே குழி தோண்டிக்கொள்கிறவர்கள் இவ்வளவு அக்கறையாகத் தோண்டுவதில்லை.

“இது நல்லா கத்துக்கிட்டா எனக்கு என்ன வேலை தருவாங்க, கண்ணு?” என்று ஒருநாள் கேட்டார். “வீட்டுக்காரருக்கு முடியாமப் போனதிலிருந்து என் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது.”

மாணவி சுத்தமாக இருந்த கீபோர்டை இன்னொரு முறை துடைத்தாள்.

பதிலைத் துறைத் தலைவர் சொன்னார். எல்லோர் முன்னாலும், சிரித்த முகமாக.

“புரோகிராம் ரெடியானதும் அந்த அம்மாவை நல்லபடியா அனுப்பி வெச்சிடலாம். கேக் என் செலவு.”

என்ன ஒரு தாராள மனசு!

“கத்தி நான் கொண்டு வரேன்” என்றார் பேராசிரியர்.

கோடை முடிந்தது. புரோகிராமைச் செய்து காட்டும் நாள். முன்வரிசையில் துறைத் தலைவர், மடியில் கேக். கடைசி வரிசையில் பூச்சியக்கா.

புரோகிராம் மளமளவென்று எண்ணியது. பன்னிரண்டு. ஏழு. முப்பத்தொன்று. நான்கு. பிறகு நின்றுவிட்டது.

‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. யாராவது எண்ணிப் பார்க்கவும்.’

பூச்சியக்கா எழுந்து வந்து எண்ணிச் சொன்னார். மறுபடி ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி சந்தேகம்.

பேராசிரியர் எகிறிக் குதித்தார். “இது புரோகிராமா, சந்தேகப் பிராணியா? கோடை முழுக்க உட்கார்ந்து எண்ணத் தெரியாத ஒண்ணை எழுதியிருக்கியே! அந்தப் பூச்சிங்களை விட்டா அதுங்களே எண்ணிக்கும்!”

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்போ பக்கத்துல ஆள் இல்லாம முடியாதா?” என்று கேட்டார் துறைத் தலைவர்.

“எங்க முடியும்? தப்புக் கணக்கை வெச்சுக் கட்டுரை எழுதினா ஊரே சிரிக்கும். அந்த அம்மா இருந்தே ஆகணும். எல்லாம் இந்த மேதையோட கைங்கரியம்!”

துறைத் தலைவர் கேக்கைப் பார்த்தார். பூச்சியக்காவைப் பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்றார், சொத்தில் பாதி எழுதிக்கொடுப்பவர் போல. வாங்கிய கேக்கை வீணாக்குவானேன் என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். பூச்சியக்கா தன் பங்கில் பாதியை வீட்டுக்காரருக்கென்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

மாணவி பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

“மேதை, உள்ள வா.”

பேராசிரியர் அறைக் கதவைச் சாத்தினார்.

“நேத்தே உன் புரோகிராமை ஓட்டிப் பார்த்துட்டேன். சரியா ஒவ்வொரு அஞ்சாவது படத்துக்கும் சந்தேகம் வருது. ஒரு பூச்சிகூட இல்லாத வெறும் திரையைப் பார்த்துக்கூட வருது.”

“சார்... அது வந்து...”

“ஒழுங்கா சந்தேகப்படக்கூட அதுக்குச் சொல்லித் தரல நீ. சந்தேகம் என்ன ஸ்கூல் மணியா, சொல்லி வெச்ச மாதிரி வர?”

ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முன்னப் பின்ன வர்ற மாதிரி மாத்திட்டுப் போ. துறைத் தலைவருக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியும்.”