இடது கன்னம்

ஓட்டல் சமையல்காரரின் இடது கன்னம் மட்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பியவரை மனைவி மடக்கினாள்.

"முகச்சுருக்கம் போக நான் வாங்கின ஆசிட் சீரம் பாட்டிலைத் திறந்தது நீங்கதானே?"

"ஆமா."

"கல்லாவுல புதுசா ஒருத்தி வந்திருக்காளாமே! அறுபது வயசுல அவளுக்காகவா இந்த அலங்காரம்?"

"சீச்சீ! ரொம்ப எரியுது. நீ பூசிடாத."

"பின்ன எதுக்குப் பூசினீங்க?"

அவர் பாட்டிலின் அட்டைப்பெட்டியைக் காட்டினார். 'முதலில் சிறிதளவு தடவிப் பரிசோதிக்கவும்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"ஐயோ, அதை என் கையிலதானே தடவிப் பார்க்கணும்!" அவள் களிம்பெடுத்து அவர் கன்னத்தில் தடவினாள்.

"முப்பது வருஷத்துல, நான் ருசி பார்க்காம எதையாவது உனக்குக் கொடுத்திருக்கேனா?"