இரண்டு கிலோ இடம்

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியை எடை மெஷின்மேல் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார் கணவர். நண்பரிடம் இரவல் வாங்கிய அந்த மெஷின் பவுண்டில் மட்டும்தான் காட்டும். அதனாலென்ன, கணக்கு என்று வந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது.

"நாப்பத்தாறு பவுண்டு. பாதியாக்கினா இருபத்து மூணு கிலோ. பிளேன்ல விடுற அளவு அதான். இனி ஒரு கர்ச்சீப்புகூட ஏறாது."

"என் புதுச் செருப்பும் சால்வையும் இன்னும் வெளியில கிடக்கே," என்றாள் மனைவி.

"எங்க அக்கா வாய்விட்டுக் கேட்ட இஸ்திரிப் பெட்டியவே மனசக் கல்லாக்கிட்டு வெளியில எடுத்துட்டேன். உனக்குச் செருப்பு கேக்குதா?"

மனைவி இரண்டையும் தன் தோள்பையில் திணித்துக்கொண்டாள். சொன்னதும் கேட்டுக்கொண்டாளே என்று அவருக்கும் பரம திருப்தி.

விமான நிலையக் கவுன்ட்டரில் பெட்டியை வைத்ததும் அங்கிருந்த பெண் சிரித்தாள். "இருபத்தொரு கிலோதான் சார். இன்னும் ரெண்டு கிலோ வைக்கலாம்."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். மனைவியோ நிதானமாகப் பெட்டியைத் திறந்து, செருப்பையும் சால்வையையும் உள்ளே வைத்து மூடினாள்.

"ஒரு கிலோன்னா ரெண்டு பவுண்டு இல்லங்க. ரெண்டு புள்ளி ரெண்டு."

"தெரிஞ்சிருந்தும் வீட்ல வாயத் திறக்கலியே நீ?"

"திறந்திருந்தா, இப்ப இந்த இடத்துல உங்க அக்காவோட இஸ்திரிப் பெட்டி இருந்திருக்கும்."