கண்ணாடி இல்லாத குழி

விமானம் பறக்கத் தகுதியானது என்று சொல்லும் சான்றிதழ் மேசைமேல் கிடக்கிறது. முத்திரை விழுந்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. மகனின் மதிப்பெண் அட்டையில் ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற நம்ம இன்ஸ்பெக்டர், இன்றைக்குப் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார். கண்ணெல்லாம் கருவிப்பெட்டியின்மேல். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் ஸ்பாஞ்சில் வெட்டிய குழி. இன்ஜினுக்குள் நீட்டிப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் குழி மட்டும் டியூப்லைட் வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடக்கிறது. சட்டைப்பையை மறுபடியும் தடவுகிறார். “எங்கயாவது கிடக்கும் மச்சான், போடுங்க. ஜனங்க வரிசையில நிக்கிறாங்க,” என்கிறார் மேலாளர். இன்ஸ்பெக்டரின் மனைவிக்குத் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், வீட்டில் நாலு பேர் கூடினால் அதைச் சொல்லிக் காட்டுகிறவரும் அவர்தான். “உள்ளயே விழுந்து கிடந்தா? இன்ஜினைத் திறந்து பாக்கணும் மாப்ள.” “திறந்தா நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஆளு. அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.” வெளியே நகரும் வண்டியின் மஞ்சள் விளக்கு சுவரைத் தடவி, சான்றிதழைத் தடவி, குழிக்குள் இறங்கி ஏறுகிறது. இன்ஸ்பெக்டர் பேனாவை அந்தக் குழிக்குள் வைத்துப் பெட்டியை மூடுகிறார். மூடியதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்கிறார். மைத்துனர் போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடுகிறார்.